முன்பின் தெரியாதவரின் முகம்

2006-இல் ஃப்ளிக்கர் தளத்தில் 'டிலீட் மீ' என்றொரு குழு மும்முரமாக இயங்கிக்கொண்டிருந்தது. உறுப்பினர்கள் தங்கள் படங்களை அங்கே வைப்பார்கள். மற்றவர்கள் வந்து 'இருக்கட்டும்' என்றோ 'நீக்கு' என்றோ வாக்களித்து, விரும்பினால் காரணமும் எழுதிவிட்டுப் போவார்கள். 'நீக்கு' வாக்குகள் ஓர் அளவைத் தாண்டினால் படம் குழுவிலிருந்து வெளியேற்றப்படும். அந்த ஆண்டு ஒருவர் கருப்பு வெள்ளைப் படம் ஒன்றை வைத்தார். மேலிருந்து கீழே பார்க்கும் கோணம். வளைந்து இறங்கும் படிக்கட்டு, அதன் இரும்புக் கைப்பிடி, கீழே தெருவில் விரைந்து மறையும் ஒரு சைக்கிள்காரர். படிகள் துல்லியமாக இருக்கின்றன, சைக்கிள் மட்டும் கலங்கியிருக்கிறது. அந்தக் கலங்கலைக் குறையாகச் சொல்லிப் பலர் நீக்கச் சொன்னார்கள். படம் ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் 1932-இல் பிரான்சின் தென்கரையில் உள்ள இயேர் நகரத்தில் எடுத்தது. இருபதாம் நூற்றாண்டுப் புகைப்பட வரலாற்று நூல்களில் திரும்பத் திரும்ப அச்சேறும் படங்களில் ஒன்று.

இந்தச் சம்பவம் பொழுதுபோக்குப் புகைப்படக்காரர்களின் அறியாமைக்குச் சான்றாக இணையத்தில் பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வருகிறது. அந்த முடிவு எனக்கு நியாயமாகப் படவில்லை. ராபர்ட் ஃபிராங்க்கின் 'தி அமெரிக்கன்ஸ்' என்ற புகைப்பட நூல் 1958-இல் பாரிஸிலும், அடுத்த ஆண்டு நியூயார்க்கிலும் வெளிவந்தபோது, அமெரிக்காவின் செல்வாக்கு மிக்க புகைப்பட இதழ் ஒன்றில் தொழில்முறை விமர்சகர்களே அந்தப் படங்களில் கலங்கலும் துகள்துகளான சொரசொரப்பும் சாய்ந்த அடிவானமும் கண்டு கடிந்துகொண்டார்கள். கற்றவர்களுக்கும் அதே தடுமாற்றம்தான். 'டிலீட் மீ' குழுவில் பிழையாக இருந்தது உறுப்பினர்களின் தகுதி அன்று. அங்கே கேட்கப்பட்ட கேள்வி. இருக்கலாமா, போகலாமா என்று மட்டுமே கேட்டால், மனிதர்கள் கையில் கிடைத்த முதல் அளவுகோலைத்தான் எடுப்பார்கள். தெளிவு என்பது எல்லோருக்கும் சட்டென்று எட்டும் அளவுகோல். சைக்கிள் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது, வளைந்த கைப்பிடி கண்ணை எங்கே கொண்டுபோய் விடுகிறது, அசையாத கல்லுக்கும் அசையும் மனிதனுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

தெருவில் முன்னறிவிப்பின்றி எடுக்கும் படத்தைப் பற்றிச் சக ஆர்வலர்களோடு பேசுவதைப் பொழுதுபோக்கின் கடைசிப் படியாகப் பலரும் நினைக்கிறார்கள். எடுப்பது வேலை, காட்டுவது மகிழ்ச்சி என்பது அவர்கள் கணக்கு. இந்தக் கலையின் வரலாற்றைப் பார்த்தால் பேச்சும் வேலையின் ஒரு பகுதியே என்று தெரிகிறது. படம் நிற்கிறதா என்பதை மட்டுமல்ல, படத்தில் இருக்கும் மனிதருக்கு அது நியாயம் செய்கிறதா என்பதையும் அந்தப் பேச்சுதான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. முன்பு இந்த இரண்டாவது கேள்வியைக் காலமும் தூரமும் ஓரளவு பார்த்துக்கொண்டன. இன்று அவை இல்லை.

முதலில் இந்தக் கலையின் உடற்கூறு. ஸ்டுடியோவில் ஒளியை நகர்த்தலாம், ஆளை முகம் திருப்பச் சொல்லலாம். தெருவில் இரண்டும் முடியாது. நகர்த்தக்கூடிய ஒரே பொருள் படமெடுப்பவரின் உடல். ஓர் அடி இடப்புறம் நகர்ந்தால் பின்னால் இருக்கும் மின்கம்பம் தலையிலிருந்து விலகும். முழங்காலை மடக்கினால் வானம் கூடும். 1925-இல் லைப்சிக் கண்காட்சியில் அறிமுகமான லைக்கா கேமரா இந்த உடலசைவைச் சாத்தியமாக்கியது. சினிமாவுக்காக உருவான 35 மி.மீ. படச்சுருளைச் சட்டைப்பைக்குள் அடங்கும் பெட்டியில் போட்டு, ஒரு சுருளில் 36 படங்கள் எடுக்க வைத்தது. ஆட்டோ ஃபோகஸ் வருவதற்கு முன்பும், வந்த பிறகு இன்றுவரையும், அனுபவசாலிகள் கையாளும் முறை ஒன்றுண்டு. 35 மி.மீ. லென்ஸின் துளையை எஃப்/8 அளவில் வைத்து மூன்று மீட்டருக்கு ஃபோகஸ் செய்துவிட்டால், ஏறத்தாழ இரண்டு மீட்டரிலிருந்து ஏழு மீட்டர் வரை உள்ளதெல்லாம் போதிய தெளிவோடு பதியும். அதன்பின் கேமராவைப் பார்க்க வேண்டியதில்லை, தெருவைப் பார்த்தால் போதும்.

இப்படி எடுக்கும்போது எண்ணிக்கை பெருகுவது இயல்பு. ஃபிராங்க் 1955-56-இல் அமெரிக்காவைச் சுற்றி ஏறக்குறைய 27,000 படங்கள் எடுத்தார். புத்தகத்தில் சேர்ந்தவை 83. தெருப் புகைப்படக் கலைஞர் கேரி வினோகிராண்ட் 1984-இல் இறந்தபோது கழுவப்படாத படச்சுருள்கள் மட்டும் சுமார் 2,500 மிஞ்சின. அவர் எடுத்த சுருள்களைக் கழுவாமல் ஓர் ஆண்டுக்கு மேலும் வைத்திருக்கும் பழக்கம் உள்ளவர். எடுத்த நாளின் உற்சாகம் தணிந்த பிறகுதான் படத்தைப் படமாகப் பார்க்க முடியும் என்பது அவர் எண்ணம். தெருவில் நின்றவருக்கு அன்றைய வெயில் தெரியும், எதிரில் வந்தவர் முறைத்ததும் தெரியும், பயந்துகொண்டே ஷட்டரை அழுத்தியதும் தெரியும். இவையெல்லாம் படத்துக்குள் இருப்பதாகவே அவர் நம்புகிறார். பார்ப்பவருக்குக் கிடைப்பது நான்கு விளிம்புகளுக்குள் இருப்பது மட்டும். வினோகிராண்ட் காலத்தைக் கடத்திப் பெற்ற தூரத்தை, இன்னொரு கண் உடனே தருகிறது. சக ஆர்வலரின் பேச்சுக்கு முதல் பயன் இதுதான்.

இந்தப் பேச்சு மிகச் செழிப்பாக நடந்த இடங்களில் ஒன்று நியூயார்க்கின் ஃபோட்டோ லீக். 1936-இல், திரைப்பட-புகைப்படச் சங்கம் ஒன்றிலிருந்து பிரிந்து உருவான அமைப்பு. குறைந்த சந்தா, பொதுவான இருட்டறை, வகுப்புகள், சுவர்க் கண்காட்சிகள், 'ஃபோட்டோ நோட்ஸ்' என்ற செய்திமடல். உறுப்பினர்களில் பெரும்பாலோர் வேறு வேலைகளில் பிழைத்தபடி படமெடுத்த இளைஞர்கள்; பலர் யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். சிட் கிராஸ்மன் நடத்திய வகுப்புகள் கடுமைக்குப் பேர்போனவை. மாணவர்கள் தங்கள் சொந்தத் தெருவுக்குப் போய்ப் படமெடுத்து வந்து மேசையில் பரப்புவார்கள். இந்தப் படத்தை எதற்காக எடுத்தாய் என்ற கேள்விக்கு ஒவ்வொருவரும் பதில் சொல்லியாக வேண்டும். ஏரன் சிஸ்கிண்ட் தலைமையில் ஒரு குழு பல ஆண்டுகள் ஹார்லெமில் கூட்டாக வேலை செய்தது. எதை எடுக்கலாம் என்று முன்கூட்டிப் பேசி, எடுத்ததைக் கூடிப் பார்த்து, மறுபடி போனார்கள்.

அந்த ஹார்லெம் வேலையின்மீது பின்னாளில் எழுந்த விமர்சனமும் இங்கே முக்கியம். கறுப்பின மக்களின் வாழ்விடத்தைப் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த வெள்ளையர்கள் எடுத்தார்கள். ஹார்லெமின் வறுமை தெரிந்த அளவுக்கு அதன் சங்கீதமும் வியாபாரமும் படிப்பும் கண்ணியமும் படங்களில் இடம்பெறவில்லை என்றார்கள். அக்கறையோடு கூடி விவாதித்த குழுவுக்கே இது நேர்ந்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஒரே திசையிலிருந்து வந்தவர்களாக இருந்தால், எவ்வளவு கூர்மையாகப் பேசினாலும் ஒரு பக்கம் தெரியாமலேயே போகிறது.

லீகின் முடிவு கசப்பானது. 1947 டிசம்பரில் அமெரிக்க அட்டர்னி ஜெனரல் டாம் கிளார்க் வெளியிட்ட, நாட்டுக்கு எதிரானவை என்று கருதப்பட்ட அமைப்புகளின் பட்டியலில் இந்தப் புகைப்படச் சங்கத்தின் பெயரும் இருந்தது. 1949-இல் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர்கள்மீதான வழக்கில் ஏஞ்சலா கலோமிரிஸ் என்ற உறுப்பினர் சாட்சிக் கூண்டில் ஏறியபோது, அவர் எஃப்.பி.ஐ.க்குத் தகவல் கொடுத்து வந்தவர் என்பது வெளிப்பட்டது. கிராஸ்மன் பெயரும் அங்கே சொல்லப்பட்டது. உறுப்பினர்கள் விலகினார்கள், 1951-இல் லீக் கலைந்தது. நம்பிக்கை போனபின் எதிரில் இருப்பவரின் படத்தைப் பற்றி மனம்விட்டு எப்படிப் பேச முடியும்? வெளிப்படையான விமர்சனத்துக்குப் பாதுகாப்பான இடம் வேண்டும் என்பதற்கு இதைவிடத் துயரமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பேசுவதற்கு யாருமே இல்லாமல் படமெடுத்தவர் கதை வேறு. விவியன் மையர் சிகாகோவில் பல ஆண்டுகள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவர். கழுத்தில் ரோலைஃப்ளெக்ஸ் கேமராவோடு தெருத்தெருவாக நடந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். பெரும்பாலானவற்றை யாருக்கும் காட்டியதாகத் தெரியவில்லை. பல சுருள்களை அவரே கழுவிப் பார்க்கவில்லை. வாடகை கட்டாததால் ஏலத்துக்குப் போன அவருடைய பெட்டிகளில் ஒரு பகுதியை ஜான் மாலூஃப் என்ற இளைஞர் 2007-இல் வாங்கினார். மையர் 2009 ஏப்ரலில் காலமானார். அதே ஆண்டு அக்டோபரில் மாலூஃப், ஃப்ளிக்கரில் இருந்த 'ஹார்ட்கோர் ஸ்ட்ரீட் போட்டோகிராபி' குழுவுக்கு வந்து, இந்தப் படங்களை என்ன செய்யலாம் என்று கேட்டார். பதில்கள் குவிந்தன. தெருப் படங்களையே இரவும் பகலும் பேசிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். கண்ணாடியில் தன்னையே எடுத்துக்கொண்ட அந்த உயரமான பெண் யாராக இருந்தாலும், முதிர்ந்த கண்ணுள்ளவர் என்பது அவர்களுக்கு உடனே புரிந்தது. அருங்காட்சியகங்களும் பத்திரிகைகளும் அதற்குப் பிறகே வந்தன.

ஆர்வலர் குழுக்களின் வரலாற்றில் இதை ஒரு பெருமையாகவே சொல்ல வேண்டும். கூடவே உறுத்துவதும் ஒன்றுண்டு. அந்தப் படங்கள் வெளியே வர மையர் சம்மதித்ததாக எந்த ஆதாரமும் இல்லை. அவருடைய படங்களில் இருக்கும் சிகாகோ குழந்தைகளும் கிழவிகளும் குடிகாரர்களும் தங்களைக் கோடிக்கணக்கானோர் பார்ப்பார்கள் என்று எண்ணியவர்கள் அல்லர். எடுத்தவரும் எடுக்கப்பட்டவர்களும் இல்லாத அவையில்தான் அந்தக் கொண்டாட்டம் நடந்தது.

மாலூஃப் தேடிப்போன குழுவின் இயல்பைக் கொஞ்சம் பார்க்கலாம். அங்கே யார் வேண்டுமானாலும் படம் அனுப்பலாம். ஆனால் நிர்வாகிகள் சிலர் பார்த்துத் தேர்ந்த பிறகே அது பொதுத் தொகுப்பில் சேரும். பெரும்பாலானவை திரும்பிப் போகும். ஏற்றதற்கும் மறுத்ததற்கும் நீண்ட விவாதங்கள் நடக்கும். சில சமயம் அவை சண்டையாகவும் மாறும். முதுகுகளின் படம் வேண்டாம், தெருப் பாடகர்கள் வேண்டாம், பிச்சைக்காரர்களை எடுத்து உருக்கம் தேட வேண்டாம் என்ற ரசனை அந்தச் சூழலில் உருவானது. எளிதில் கிடைப்பதை விலக்கும் ஒழுக்கம் என்று அதைச் சொல்லலாம். 2000-இல் பிரிட்டனில் நிக் டர்ப்பின் தொடங்கிய 'இன்-பப்ளிக்' குழுவும் இணையத்தைத் தன் கண்காட்சிக் கூடமாக்கிக்கொண்டது. 2010-இல் 'ஸ்ட்ரீட் போட்டோகிராபி நவ்' என்ற புத்தகம் வெளிவந்ததையொட்டி நடந்த முயற்சி இன்னும் பொருளுள்ளது: வாரம் ஒரு புகைப்படக் கலைஞர் ஒரு கட்டளை தருவார், உலகெங்கும் ஆர்வலர்கள் அதை வைத்துப் படமெடுத்து ஃப்ளிக்கரில் சேர்ப்பார்கள். 52 வாரம், 52 கட்டளை. ஒரே பயிற்சியை நூறு ஊர்களில் செய்தவர்கள் ஒருவர் படத்தை மற்றவர் பார்க்கும்போது, 'அருமை' என்ற சொல் தானாகக் குறைந்துவிடுகிறது. தனக்கு முடியாதது இன்னொருவருக்கு எப்படி முடிந்தது என்று கேட்பதற்கான அடித்தளம் அங்கே ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது.

அதே 2010-இன் அக்டோபரில் இன்ஸ்டாகிராம் வந்தது. 2015 ஆகஸ்ட் வரை அதில் சதுரப் படம் மட்டுமே போடலாம். லைக்கா காலத்திலிருந்து மூன்றுக்கு இரண்டு என்ற செவ்வகத்தில் பழகிய கண்கள், ஓரங்களை வெட்டியோ வெள்ளைப் பட்டை வைத்தோ சமாளித்தன. வடிவத்தைவிடப் பெரிய மாற்றம் பார்க்கும் வேகத்தில் வந்தது. கட்டைவிரல் நகரும் வேகத்தில் பிடிபடும் படம் எது? கரிய நிழல், நடுவே ஒரு வெளிச்சத் திட்டு, அதில் தனியாக நடக்கும் ஓர் உருவம். மழை, சிவப்புக் குடை. சுவரொட்டியில் உள்ள கையும் கடந்துபோகும் ஆளின் தலையும் பொருந்திப்போகும் வேடிக்கை. இவற்றில் நல்ல படங்கள் இருக்கவே செய்கின்றன. ஆனால் ஒரு பேருந்து நிறுத்தத்தில் பதினோரு பேர் நிற்க, பதினோரு பேரும் வெவ்வேறு மனநிலையில் இருக்கும் படத்துக்கு அந்தச் சிறு திரையில் இடமில்லை. அதைப் பார்க்க அரை நிமிடமாவது வேண்டும். விருப்பக்குறி அரை நிமிடம் காத்திருப்பதில்லை. ஆர்வலர்களும் மெல்ல மெல்ல விருப்பக்குறிக்கு ஏற்ற படத்தை எடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். 'டிலீட் மீ'யில் குறைந்தபட்சம் மறுப்பாவது இருந்தது; காரணத்தோடு வரும் மறுப்பிலிருந்து கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கும். எண்ணிக்கையிலிருந்து எதைக் கற்பது?

சென்னையிலும் எண்ணிக்கையால் மதிப்பிடும் மரபும் கூடிப் பேசும் மரபும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1850களிலேயே மதராஸில் புகைப்படச் சங்கம் இருந்தது. சங்கங்கள் வழியே வளர்ந்த, 'சலோன்' எனப்படும் புகைப்படப் போட்டி மரபில் நடுவர்கள் மதிப்பெண் போட்டுப் படத்தைத் தேர்ந்தார்கள். ஃப்ளிக்கர் காலத்தில் உருவான 'சென்னை வீக்எண்ட் கிளிக்கர்ஸ்' போன்ற குழுக்கள் வார இறுதிகளில் விடியற்காலையில் கூடி, ஒரு பேட்டையைக் கால்நடையாகச் சுற்றி, அன்றிரவே படங்களை இணையத்தில் வைத்துப் பேசும் பழக்கத்தைக் கொண்டுவந்தன. மென்பொருள் ஊழியரும் வங்கி ஊழியரும் கல்லூரி மாணவரும் ஒரே தெருவில் ஒரே காலையில் எடுத்த படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதைவிட நல்ல வகுப்பு வேறில்லை. ஒருவர் மீன் கூடையைப் பார்த்தார், ஒருவர் கூடையைத் தூக்கிய கழுத்தைப் பார்த்தார் என்பது அங்கேதான் புலப்படும்.

இனி அந்த இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எனக்கு இதுவே பெரிய கேள்வி.

புகைப்படக் கலைஞர் வாக்கர் எவன்ஸ் 1938-இலிருந்து 1941 வரை நியூயார்க் சுரங்க ரயிலில் எதிர் இருக்கைப் பயணிகளைப் படமெடுத்தார். கேமரா கோட்டுக்குள் மறைந்திருக்கும். லென்ஸ் பொத்தான்களுக்கு நடுவே எட்டிப் பார்க்கும். ஷட்டரை இயக்கும் கம்பி சட்டைக் கைக்குள் ஓடும். அந்த நாட்களில் சில சமயம் ஹெலன் லெவிட் என்ற புகைப்படக் கலைஞர் அவரோடு கூடப் போனார். எவன்ஸுக்குக் கிடைத்தவை யாருக்காகவும் அணியாத முகங்கள். களைப்பு, கவலை, பிடிவாதம், வெறுமை. ஆனால் அவர் அவசரப்படவில்லை. எழுத்தாளர் ஜேம்ஸ் ஏஜி 1940-இலேயே முன்னுரை எழுதிக்கொடுத்துவிட்டார். 89 படங்கள் கொண்ட 'மெனி ஆர் கால்டு' வெளிவந்தது 1966-இல். ஏறத்தாழ கால் நூற்றாண்டு. படத்தில் இருந்தவர்களின் அந்தரங்கத்துக்குத் தான் ஊறு செய்கிறோமோ என்ற தயக்கம் அந்தத் தாமதத்தில் இருந்தது. அதற்குள் முகங்கள் மாறியிருந்தன. பலர் மறைந்தும் போயிருப்பார்கள்.

2016-இல் ரஷ்யப் புகைப்படக் கலைஞர் யெகோர் ஸ்வெத்கோவ் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மெட்ரோவில் அதே வேலையைச் செய்தார். எதிரில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாதவர்களைக் கேட்காமல் படமெடுத்தார். பிறகு 'ஃபைண்ட்ஃபேஸ்' என்ற முகம் தேடும் செயலியில் அந்தப் படங்களைக் கொடுத்தார். வீகொன்டாக்டே சமூக வலைத்தளத்தில் அவர்களில் பலருடைய பக்கங்கள் வந்து நின்றன: பெயர், நண்பர்கள், விடுமுறைப் படங்கள் எல்லாம். 'உங்கள் முகம் ஒரு பெருந்தரவு' என்ற பொருள்படும் தலைப்பில், மெட்ரோ முகத்தையும் வலைத்தள முகத்தையும் அருகருகே வைத்துக் காட்டினார். எச்சரிப்பதே அவருடைய நோக்கம். எவன்ஸின் பயணிகளுக்கும் இவருடைய பயணிகளுக்கும் நடுவே கேமராவோ ரயிலோ பெரிதாக மாறவில்லை. தெரியாதவர் தெரியாதவராகவே இருந்துவிடுவார் என்ற உத்தரவாதம் மட்டும் போய்விட்டது. தெருப் புகைப்படக் கலை ஒரு நூற்றாண்டாகத் தன் மனசாட்சியைச் சாய்த்துவைத்திருந்தது அந்த உத்தரவாதத்தின்மீதுதான்.

சட்டம் இதில் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு திசையில் நிற்கிறது. ஜெர்மனியில் 1898-இல் பிஸ்மார்க் இறந்த அறைக்குள் இரு புகைப்படக்காரர்கள் இரவில் நுழைந்து சடலத்தைப் படமெடுத்த அதிர்ச்சி, தன் உருவத்தின்மீது ஒருவருக்குள்ள உரிமையை 1907 சட்டத்தில் கொண்டுவந்து சேர்த்தது. ஹங்கேரியில் 2014-இலிருந்து படத்தை வெளியிட மட்டுமல்ல, எடுக்கவே சம்மதம் வேண்டும். நியூயார்க்கில் நிலைமை நேரெதிர். புகைப்படக் கலைஞர் ஃபிலிப்-லோர்கா டிகோர்சியா டைம்ஸ் சதுக்கத்தில் தொலைவிலிருந்து ஃபிளாஷ் அடித்து எடுத்த முகங்களில் ஒன்று, சமய நம்பிக்கையால் உருவப்படத்தை ஏற்காத யூத முதியவருடையது. அவர் தொடுத்த வழக்கு 2006-இல் தள்ளுபடியானது. அது கலை என்றது நீதிமன்றம். கனடாவின் உச்ச நீதிமன்றம் 1998-இல் வேறு முடிவுக்கு வந்தது. மான்ட்ரியாலில் கட்டடப் படியில் உட்கார்ந்திருந்த 17 வயதுப் பெண்ணைக் கேட்காமல் எடுத்த படம் ஒரு கலை இதழில் வந்திருந்தது. அந்தப் பெண்ணுக்கு 2,000 டாலர் இழப்பீடு கிடைத்தது. படத்தில் இழிவாக எதுவும் இல்லை. கூடப் படித்தவர்கள் பார்த்துச் சிரித்தார்கள் என்பதே அவருடைய வேதனை.

இவற்றில் நம் விவாதத்துக்கு மிக நெருக்கமானது ஜெர்மன் அரசியல் சாசன நீதிமன்றம் 2018-இல் சொன்ன தீர்ப்பு. எஸ்பென் ஐக்ஹோஃபர் என்ற கலைஞர் பெர்லினில் சாலையைக் கடக்கும் ஒரு பெண்ணை எடுத்த படம், கண்காட்சியின் அங்கமாகச் சாலையோரத்தில் பெரிய பலகையில் வைக்கப்பட்டது. தெருப் புகைப்படம் கலையே, கேட்காமல் எடுப்பது அதன் இயல்பே என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆனால் ஆயிரக்கணக்கானோர் கடந்துபோகும் சாலையில் அவ்வளவு பெரிதாக வைப்பதை அந்தப் பெண் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்ற கீழ் நீதிமன்ற முடிவை மாற்றவில்லை. எடுப்பது ஒரு செயல், காட்டுவது வேறொரு செயல், காட்டும் இடம் எது என்பது மூன்றாவது என்று அந்தத் தீர்ப்பு பிரித்துக் காட்டிவிட்டது. இணையத்தில் படம் வைப்பவர் எல்லோரும் அந்தச் சாலையோரப் பலகையில்தான் வைக்கிறார்கள்.

இந்தியாவில் பொது இடத்தில் படமெடுப்பதைப் பொதுவாகத் தடுக்கும் தனிச் சட்டம் இல்லை. தனியுரிமைச் சிந்தனையின் முக்கியமான படி ஒன்று தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில் விழுந்தது. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை வெளியிடுவது தொடர்பாக நக்கீரன் இதழின் ஆசிரியர் தொடுத்த வழக்கில், 1994-இல் உச்ச நீதிமன்றம் பத்திரிகையின் உரிமையை நிலைநாட்டியதோடு, ஒருவரின் சொந்த வாழ்வைச் சம்மதமின்றி வெளியிடுவதற்கும் வரம்பு சொன்னது. 2017-இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமையை அடிப்படை உரிமை என்றார்கள். பொது இடத்தில் இருப்பதாலேயே ஒருவர் தன் தனியுரிமையை இழந்துவிடுவதில்லை என்ற கருத்தும் அந்தத் தீர்ப்பில் இடம்பெற்றது. ஆனால் டீக்கடை வாசலில் எடுத்த படத்தை இரவில் குழுவில் போடலாமா என்று கேட்கும் ஆர்வலருக்கு இந்தத் தீர்ப்புகளில் நேரடி விடை கிடைக்காது. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது சக ஆர்வலர்களின் பேச்சு.

அது பெரும்பாலும் நிரப்புவதில்லை. கூவாகத்தை எடுத்துக்கொள்வோம். சித்திரையில் கூத்தாண்டவர் கோயிலில் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கைகள் மறுநாள் அதை அறுத்து ஒப்பாரி வைக்கிறார்கள். அந்த அழுகையைச் சுற்றிக் கேமராக்கள் வளையம் கட்டுகின்றன. ஒரு முகத்துக்கு ஐந்து லென்ஸ். எடுத்தவர்கள் குழுவில் போடும்போது நடக்கும் பேச்சு ஒளி, வண்ணம், பின்னணி, உணர்ச்சி என்று போகும். அந்த முகத்துக்குரியவர் வேறொரு ஊரில் வேலை பார்ப்பவராக இருக்கலாம், வீட்டுக்குத் தெரியாமல் வந்தவராக இருக்கலாம். நாளை அவருடைய அலுவலகத்தில் யாராவது இதைப் பார்த்தால் என்னாகும் என்று கேட்கும் குரலை அங்கே அரிதாகவே கேட்க முடிகிறது. சாலையோரம் தூங்குபவர், மனநலம் குன்றி அலைபவர், ஆடையில்லாமல் விளையாடும் குழந்தை என்று இந்தப் பட்டியல் நீளும். மேல்நடுத்தர வர்க்கப் பகுதிகளில் இதே துணிச்சலோடு கேமரா தூக்குகிறோமா என்பது என் நெடுநாள் கேள்வி. பணக்காரர்கள் காருக்குள்ளும் மதிலுக்குள்ளும் வாழ்கிறார்கள். தெருவில் வாழ நேர்ந்தவர்களே தெருப் படத்தில் விழுகிறார்கள். இந்தச் சாய்வு எடுப்பவரின் கெட்ட எண்ணத்தால் வருவதில்லை என்பதால்தான் அது கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது.

எடுக்கும் விதமும் இப்போது விவாதத்துக்கு வந்துவிட்டது. 2020 பிப்ரவரியில் ஃபியூஜிஃபிலிம் தன் புதிய எக்ஸ்100வி கேமராவுக்காக வெளியிட்ட விளம்பரக் காணொளியில் டோக்கியோ கலைஞர் தாட்சுவோ சுசுகி கூட்டத்தில் எதிரே வருபவர்களின் முகத்துக்கு நேராகக் கேமராவை நீட்டி எடுப்பது காட்டப்பட்டது. சிலர் கையால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். எதிர்ப்பு எழுந்ததும் நிறுவனம் காணொளியை விலக்கிக்கொண்டது. சுசுகியின் படங்களை ஏற்கெனவே பார்த்து ரசித்தவர்கள் பலர், அவை எப்படி எடுக்கப்படுகின்றன என்பதை அப்போதுதான் பார்த்தார்கள். படத்தைப் பேசும்போது அது எடுக்கப்பட்ட அந்த ஒரு விநாடியையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான். எவ்வளவு தூரத்தில் நின்றீர்கள், அவர் பார்த்தாரா, பார்த்தபின் என்ன செய்தீர்கள் என்பவை லென்ஸ் எது என்பதைவிட முக்கியமான கேள்விகள்.

கேட்டுவிட்டு எடுத்தால் இயல்பு கெட்டுவிடும் என்பது உண்மை. கேமராவைக் கண்டதும் நம் ஊர்க்காரர் சட்டையை இழுத்துவிட்டு விறைப்பாக நிற்பார். அந்தப் படத்துக்கும் மதிப்புண்டு, ஆனால் அது வேறு வகைப் படம். கேட்காமல் எடுப்பதை நான் எதிர்க்கவில்லை. அதை விட்டுவிட்டால் ஒரு காலம் எப்படி நடந்தது, எப்படி நின்றது, எப்படிக் காத்திருந்தது என்பதற்கான சாட்சியம் போய்விடும்; தயாராகி நின்ற முகங்கள் மட்டுமே மிஞ்சும். ஆனால் எடுத்த மறுவிநாடியில் இயல்பு கெட வாய்ப்பில்லை. அப்போது பேசலாம். பின்திரையில் காட்டலாம். தமிழ்நாட்டுத் தெருக்களில் பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி, "எந்தப் பேப்பர்ல வரும்?" என்பது, இப்போது அது "யூடியூப்பா, இன்ஸ்டாவா?" என்று மாறிவருகிறது. அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்வதே சம்மதத்தின் தொடக்கம். சிலர் வேண்டாம் என்பார்கள், அழித்துவிட வேண்டும். பலர் தங்களுக்கும் ஒன்று அனுப்பச் சொல்வார்கள்.

அனுப்புபவர்கள் மிகக் குறைவு. அனுப்பிப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும்: படத்தில் இருப்பவர் படத்தைப் பார்க்கும் விதம் எந்தக் குழுவிலும் கிடைக்காதது. நிழலின் அழகை அவர் பேசமாட்டார். பின்னால் நிற்கும் வண்டி யாருடையது என்பார். அன்றைக்குக் கடை ஏன் பாதி மூடியிருந்தது என்பார். தலை சீவாமல் இருந்துவிட்டேனே என்று வருந்துவார். இந்தப் பொண்ணு படத்தைப் போடாதீங்க, அவங்க வீட்டில் பிரச்சினை என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார். படத்தின் ஓரத்தில் நாம் வடிவத்துக்காக விட்டுவைத்த ஓர் உருவம் அவருக்குப் பெயருள்ள மனிதராக இருக்கும். குழுவில் படம் வைப்பதற்கு முன் இந்த ஒருவரின் கருத்தைக் கேட்டு வந்து, அதையும் படத்தோடு சேர்த்து எழுதும் வழக்கம் ஏதாவது ஓர் ஊரில் தொடங்கினால், அங்கே நடக்கும் விவாதம் இதுவரை எந்தச் சங்கமும் பேசாத விஷயங்களைப் பேசத் தொடங்கும்.